கண் கிளினிக்குக்குத் துணை

2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை. அன்று பின்னேரம் எங்கள் ஹொஸ்டலில் அறைக்குள் படுத்திருந்தவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லாரும் கீழே பொது அறையில், ஒற்றை ரீவிக்கு முன்னால், ஒருவர் தோளில் ஒருவர் தொங்கிக்கொண்டு நின்றார்கள். மும்பையில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி, இலங்கையும் இந்தியாவும். மகேல ஜயவர்தன சதம் அடித்தபோது எழுந்த கூச்சல் படியேறி வந்து என் கதவைத் தட்டிவிட்டுப் போனது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால்தான் விளங்கும். வயல் வாடியில் அப்பாவின் பற்றரி றேடியோவில் கொமென்றி கேட்டு வளர்ந்தவன் நான். யார் எந்த வருசம் எந்த மைதானத்தில் எத்தனை ஓட்டம் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த ஞாபகத்தில் பாதி பாடத்தில் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாய் என்று அம்மா ஏசுவார். அப்படிப்பட்டவனுக்கு அன்றைக்கு யார் வென்றாலும் ஒன்றுதான் என்று இருந்தது.

ஆட்ட இடைவேளையில் அறைத் தோழன் ஒரு பிளேன்ரீயும் பணிசும் கொண்டு மேலே வந்தான். ஏறாவூர்க்காரன். "என்ன மச்சான், மெட்ச் பாக்கல்லயா?" என்றான். தலையிடி என்றேன். அவன் கட்டில் விளிம்பில் இருந்து, எனக்குக் கொண்டுவந்த பணிசைத் தானே பிய்த்துத் தின்றுகொண்டு, "இண்டைக்கு எத்தினையாம் நாள் இந்தத் தலையிடி?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே எண்ணிப் பார்த்தேன். பிடிபடவில்லை.

அந்த வருசம் ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் தண்ணீருக்குள் கிடந்தது. பெப்ரவரியில் மறுபடியும். வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் மாரி வெள்ளாமை கதிர் முற்றி நின்ற நேரம். எங்கள் வயலில் நெல் நின்ற இடத்திலேயே முளைத்தது. அப்பா ஈடு வைத்த நகையும் கடையில் பட்ட கடனும் மட்டும் தண்ணீரோடு போகாமல் அப்படியே நின்றன. நான் அப்போது கம்பஸில் இரண்டாம் வருசம். எந்தக் கம்பஸ் என்று கேட்க வேண்டாம். கிழக்கில் உள்ள கம்பஸ்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஊகிக்கவும் வேண்டாம்.

வெள்ளத்தால்தான் எனக்கு வந்தது என்று சொல்ல மாட்டேன். ஊரில் எல்லார் வயலும்தான் போனது, எல்லாரும் படுத்துவிடவில்லை. அதற்கு முதலே, முதல் வருசப் பகிடிவதை நாட்களிலேயே, என் நித்திரை குழம்பியிருந்தது. விடிய மூன்று மணிக்கு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி முழிப்பு வரும். பிறகு வெளிக்கும்வரை மேல்சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எங்கள் ஆட்களுக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும். காதல் தோல்வியா, காசுப் பிரச்சினையா, கண்ணூறா? காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் வைத்தியம் என்றால், குத்தின நுளம்பைத் தேடிப் பிடித்த பிறகுதான் டெங்குக்கு மருந்து என்பது போல ஆகிவிடும்.

அம்மா ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு எடுப்பார். "சாப்பிட்டியா மனே?" "ஓம் அம்மா, சோறும் மீனும்." அந்த மாதங்களில் நான் வாயால் தின்ற மீன்களைக் கணக்கெடுத்தால் வாவியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பிறகு அந்தப் பொய்யைச் சொல்லவும் தெம்பில்லாமல் போனை எடுக்காமல் விட்டேன். குளிப்பு இரண்டு நாளுக்கு ஒருக்கா என்று இருந்தது, நாலு நாளுக்கு ஒருக்கா ஆனது. கொப்பியில் ஒரே பக்கத்தை இரண்டு மணித்தியாலம் திறந்து வைத்திருப்பேன்.

வரவு குறைந்து, பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள் என்ற நிலை வந்தபோது ஒரு விரிவுரையாளரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். நித்திரை இல்லை சேர், படிக்க ஏலாமல் கிடக்கு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "தம்பி, நாங்க ஷெல்லடிக்குள்ள குப்பி விளக்கில படிச்ச ஆக்கள். உங்களுக்குக் கரண்ட் இரிக்கு, ஃபேன் இரிக்கு. பின்னென்ன?"

மட்டக்களப்பில் இந்தப் பேச்சுக்குப் பதில் பேச முடியாது. இங்கே எந்த வீட்டிலும் உன்னுடையதை விடப் பெரிய துக்கம் ஒன்று சுவரில் மாலை போட்டுத் தொங்குகிறது. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போனவர்கள், 1990 வன்செயலில் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள், 2004 டிசம்பர் 26இல் கல்லடியிலும் நாவலடியிலும் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகமே 1990இல் அகதி முகாமாக இருந்தது. செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து பிடித்துக்கொண்டு போன 158 பேர் திரும்பி வரவேயில்லை. அந்த மண்ணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எனக்கு இரவில் நித்திரை வருகுதில்லை என்று எந்த வாயால் சொல்வது? சேரின் அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. வெட்கம்தான் வந்தது. முன்பு நித்திரை மட்டும்தான் இல்லை, இப்போது நித்திரையில்லாமல் இருப்பதற்கு உரிமையும் இல்லை.

பல வருசம் கழித்து ஒரு கலியாண வீட்டில் அவரைக் கண்டேன். மாப்பிள்ளை வந்து இறங்க வெடி கொளுத்தினார்கள். அவர் கையிலிருந்த கோப்பை நடுங்கி, வேட்டியில் கோப்பி கொட்டியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு லேஞ்சியால் துடைத்தார். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. "நாங்கள் தாங்கவில்லையா" என்று கேட்ட அந்தத் தலைமுறையிடம், தாங்கினீர்களா என்று யாருமே திருப்பிக் கேட்கவில்லை.

சரி, ஏறாவூர்க்காரனுக்கு வருவோம்.

அவன் எனக்கு அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. அந்த மெட்ச் முடிந்து, டோனி சிக்சர் அடித்து, ஹொஸ்டல் முழுக்கச் செத்தவீடு மாதிரிக் கிடந்த ராத்திரிக்கு மூன்று நாள் கழித்து, அறையில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது சத்தமாகச் சொன்னான்: "டேய், நாளைக்கு எனக்குக் கண் கிளினிக். லெக்சர்ல போட் தெரியுதில்ல. கண்ணுக்கு மருந்து விட்டா பைக் ஓட்ட ஏலா. நீ துணைக்கு வா." ஏதோ ஒரு கண்ணாடிக் கதையும் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

காலத்தால ஆறரைக்கு வெளிக்கிட்டோம். ஆஸ்பத்திரிக்குள் போய், கண் பிரிவுக்குத் திரும்பும் இடத்தில் திரும்பாமல் நேரே நடந்தான். மனநலப் பிரிவு என்ற பலகைக்கு முன்னால் நின்று, "கண் எனக்கு நல்லாத்தான் தெரியிது. உன்னத்தான் பாக்க ஏலாம இரிக்கு" என்றான். பிறகு என்னைப் பாராமல் துண்டு எடுக்கப் போய்விட்டான்.

திட்டமிட்டுப் பேசியதா, வாயில் வந்ததா என்று இன்றுவரை அவனிடம் கேட்டதில்லை. இப்போது கட்டாரில் இருக்கிறான். கேட்டால் "அப்பிடியா சொன்னேன்" என்று சிரிப்பான்.

அந்த வாங்கில் இருந்த ஒன்றரை மணித்தியாலம்தான் முழுக் கதையிலும் கஷ்டமான இடம். மருந்துக்கோ டொக்டருக்கோ நான் பயப்படவில்லை. யாராவது கண்டுவிடுவார்களே என்றுதான் பயம். படுவான்கரையில் ஒரு பக்கத்தில் இருமினால் மறு பக்கத்தில் கசாயம் வைப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு எதிரே இருந்தவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சோடிச் செருப்பு தெரிந்த செருப்பாக இருந்தது. நிமிர்ந்தால், எங்கள் ஊர்க் கடைக்காரர். அப்பா கடன் பட்ட அதே கடை. கையில் கிளினிக் கொப்பி, பழைய கொப்பி, மூலைகள் மடிந்து நாய்க்காதாகிவிட்ட கொப்பி. வருசக்கணக்காக வருகிறார் என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் மெல்லத் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஆவணியில் கொக்கட்டிச்சோலைத் தேரில் சனத்துக்குள் என் தோளில் கை வைத்து, "எப்பிடி மகன்?" என்று கேட்டார். "பறவால்ல மாமா, நீங்க?" என்றேன். "ஓம், ஓடுது" என்றார். அதற்கு மேல் நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் பேசியதில்லை. அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவுமில்லை.

டொக்டர் பெண். காய்ச்சல்காரனிடம் கேட்கிற மாதிரியே கேட்டார். எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, சாப்பாடு எப்படி, எதில் விருப்பம் இருந்தது, அந்த விருப்பம் இப்போது இருக்கிறதா? உலகக் கிண்ணக் கதையைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அதே குரலில், "சாக வேணும் எண்டு நினைப்பு வந்திருக்கா?" என்று கேட்டார்.

என்னிடம் அதற்கு முன் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பையும் மூட்டிவிட்டதாக ஆகும் என்று ஊரில் பயப்படுவார்கள். அது சரியில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை மனநல மருத்துவம் தெளிவாகவே சொல்கிறது. எனக்கு நடந்ததையும் சொல்கிறேன்: நெஞ்சில் ஏறி இருந்த ஒன்று இறங்கி, பக்கத்துக் கதிரையில் போய் இருந்த மாதிரி இருந்தது. அது அறையை விட்டுப் போய்விடவில்லை, ஆனால் மூச்சு விட முடிந்தது.

நோயின் பெயரைச் சொன்னார், மனச்சோர்வு. இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் இருண்டு, விருப்பமாக இருந்த எதிலும் விருப்பமில்லாமல், நித்திரையும் சாப்பாடும் கெட்டு, எல்லாம் என் பிழைதான் என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டால் அதை ஒரு வைத்தியர் பார்க்க வேண்டும் என்றார். ஃபுளுவொக்செட்டின் என்ற குளிசை, காலையில் ஒன்று. உடனே கேட்காது, இரண்டு மூன்று கிழமை போகும், ஒரு மாதத்துக்கு மேலேயும் ஆகலாம், முதல் நாட்களில் வயிற்றைப் பிரட்டும், அதற்காக விட்டுவிடக் கூடாது, சுகம் வந்ததும் நீங்களாக நிற்பாட்டவும் கூடாது என்று இரண்டு தரம் சொல்லி, திருப்பி என்னைச் சொல்லச் சொன்னார். காசு ஒரு சதமும் இல்லை. வயிற்றைப் பிரட்டியது. மூன்றாம் கிழமை ஒரு விடியல் ஐந்தரைக்கு முழித்தேன், மூன்று மணியைக் காணவில்லை. கன்ரீனில் பருப்புக்கு உப்புக் கூடிப்போச்சு என்று சண்டை பிடித்தேன். ஏறாவூர்க்காரன் பக்கத்து மேசைக்குச் சொன்னான், "இவனுக்கு வாசியாகிட்டுது."

உளவளத்துணையாளர் ஒருவரோடும் ஏழெட்டுத் தடவை பேசினேன். அந்தக் கதையை இங்கே எழுத மாட்டேன், அது எனக்கும் அவருக்கும் உள்ளது. இரண்டு பாடம் ரிப்பீட் வந்தது. மருந்து எட்டு மாதம் போனது. பிறகு டொக்டர் படிப்படியாகக் குறைத்து நிற்பாட்டினார். இதில் அற்புதம் ஒன்றுமில்லை. சலரோகக்காரர் கதை எழுதினாலும் இப்படித்தான் சப்பென்று இருக்கும். இந்த நோயின் கதையும் ஒருநாள் அவ்வளவு சப்பென்று ஆகிவிட வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது நான் ஒரு உயர்கல்வி நிறுவனத்தில் கணினிப் பயிற்றுநர். விரிவுரையாளரும் இல்லை, கிளார்க்கும் இல்லை, நடுவில். அதனாலேயோ என்னவோ பிள்ளைகள் வருவார்கள். யாரும் வந்து "எனக்கு மனச்சோர்வு" என்று சொன்னதில்லை. தலையிடி, நெஞ்சு படபடப்பு, கை விறைக்குது, வயிறு சரியில்லை என்பார்கள். கொஞ்சம் இருக்கவிட்டால் "கன யோசினையா இரிக்கு சேர்" என்று வரும். எங்கள் பேச்சில் யோசினை என்றால் சும்மா சிந்தனை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். "அவன் யோசிச்சு யோசிச்சு மெலிஞ்சிட்டான்" என்று சொல்லும் ஊர் இது. அந்த ஒரு சொல்லுக்குள் பதகளிப்பும் உண்டு, சோர்வும் உண்டு, பழைய பயமும் உண்டு. விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துபவர்கள் புதுச் சொற்களைக் கொண்டுவந்து ஒட்டுவதற்கு முன்னால், பிள்ளை ஏற்கனவே வைத்திருக்கும் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மற்றச் சொல் விசர். "உனக்கென்ன விசரா" என்று அம்மா கொஞ்சவும் செய்வார், ஏசவும் செய்வார். ஆனால் ஆஸ்பத்திரி வாங்கில் இருக்கும்போது அந்தச் சொல்லுக்கு ஒரு கருத்துத்தான். அதோடு கூடவே அங்கொடையும் ஞாபகம் வரும். அங்கொடை வைத்தியசாலை 2008இலேயே தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாறிவிட்டது, நம் வாயில்தான் இன்னும் மாறவில்லை. அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்று இன்றும் பயப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நடப்பு வேறு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு, கல்முனை, அம்பாறைப் பக்கப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. சுனாமி வந்த காலத்தில் மட்டக்களப்பில் வேலை செய்த மனநல மருத்துவர் மகேசன் கணேசன் போன்றவர்கள், நோயாளியைத் தூரத்துக்கு அனுப்பாமல் ஊரோடு வைத்துப் பார்க்கும் முறையை இந்த மண்ணில் ஊன்றப் பாடுபட்டவர்கள். பெரும்பாலானவர்கள் என்னைப் போலக் கொப்பியோடு போய் மருந்தோடு வருகிறவர்கள்தான். வாட்டில் நிற்கிறவர்கள் கொஞ்சப் பேர்.

பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுக்குச் சொல்லுவாங்களா?" 18 வயது தாண்டியவருடைய விஷயத்தை அவர் சம்மதம் இல்லாமல் வைத்தியர் வெளியே சொல்வதில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய. இரண்டாவது, பெரும்பாலும் பெண்பிள்ளைகளிடமிருந்து, "கலியாணம் பேசேக்குள்ள தெரிய வருமா?" இதற்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. எங்கள் பக்கம் குடி, கோத்திரம், வீடு, வளவு எல்லாம் விசாரித்துத்தான் பேசுவார்கள், இதையும் விசாரிக்கும் ஆள் இருக்கத்தான் செய்யும். மூன்றாம் வருசப் பிள்ளை ஒன்று (விவரங்களை மாற்றியிருக்கிறேன்) எட்டு மாதம் இதற்காகவே தள்ளிப்போட்டது. அந்த எட்டு மாதத்தில் அதற்குத் தலைமுடி கொட்டியது, படிப்பு நின்றது, ஊர் எல்லாவற்றையும் எப்படியும் பேசியது. மறைத்ததால் மிஞ்சியது ஒன்றுமில்லை.

கம்பஸுக்குள்ளேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாணவர் ஆலோசகர் என்று நியமிக்கப்படுபவர் அனேகமாக விரிவுரையாளர். காலையில் உன் விடைத்தாளைத் திருத்தியவரிடம் பின்னேரம் போய் அழ யாருக்கு மனம் வரும்? சில ஆலோசகர்கள் தங்கம் போன்றவர்கள், கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனாலும் அந்தக் கதிரை ஒரே ஆளுக்கு இரண்டு தொப்பி போட்டுவிடுகிறது. அதனால் நான் பிள்ளைகளுக்கு வெளி வழியையும் சேர்த்தே சொல்வேன். 1926க்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் ராப்பகலாக யாராவது இருப்பார்கள், தமிழில் பேசலாம். 1333 இன்னொன்று, அதற்கும் காசில்லை. விடிய மூன்று மணிக்கு முழித்திருக்கும் ஆளுக்கு அந்த நேரத்தில் எடுக்க ஒரு நம்பர் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

கோயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது மட்டக்களப்புக் கட்டுரை ஆகாது. அம்மாவுக்கு நான் விஷயத்தைச் சொன்னது இரண்டு மாதம் கழித்துத்தான். மண்முனைப் பாலம் அப்போது இல்லை, அது 2014இல்தான் திறந்தது. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து, விபூதிப் பொட்டலத்தோடு வந்தார். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கையோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய், மந்திரிக்கும் கட்டாடியாரிடம் நூல் கட்டுவித்தார், கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு நேர்ந்துகொண்டார். கம்பஸ் படித்த மமதையில் எனக்குள் ஒரு எரிச்சல். ஆனால் நூல் கட்டிய அந்தக் கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டொக்டர் தந்த மருந்த விட்டுராத மகன், இது வேற, அது வேற" என்றார். போர்க்காலத்தில் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றிக் கேட்க, தாய்மார் தெய்வம் ஆடுபவர்களிடம்தான் போனார்கள். மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் மட்டக்களப்பில் தங்கியிருந்து அதைப் பற்றி எழுதியிருக்கிறார். வேறு எங்கேயும் வாய் திறக்க முடியாத காலத்தில் கத்தி அழ ஒரு இடம் இருந்தது, அழும்போது சுற்றிவர ஆட்களும் நின்றார்கள். அதைக் கேலி பண்ண எனக்கு இப்போது மனமில்லை. மருந்தை நிற்பாட்டச் சொல்லும், பிள்ளையை அடித்துப் பேய் கலைக்கும் ஆளிடம் போனால்தான் எனக்குச் சண்டை.

அடுத்த கிளினிக்குக்கு அம்மாவும் வந்தார். பிளாஸ்கில் கோப்பி, ஒரு போத்தல் தண்ணீர், பழைய துவாய் ஒன்று. நான் அங்கே தங்கப்போகவில்லை அம்மா என்றால் கேட்கவில்லை. வாங்கில் இருந்து, பக்கத்தில் இருந்த ஓட்டமாவடிப் பெண்ணுக்கும் ஒரு மூடி கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனவனைக் கண்டிருக்கிறீர்களா? காய்ச்சலுக்கு அம்மா, பிள்ளைப்பேறுக்கு ஒரு வான் ஆட்கள், கால் முறிந்தால் தூக்க நாலு பேர், பார்க்க நாற்பது பேர். வாட்டில் நோயாளியைவிட அப்பிள் கூட இருக்கும். இந்த ஒரு நோய்க்கு மட்டும், அதுவும் எழும்பி முகம் கழுவக்கூடத் தெம்பில்லாத பிள்ளையிடம், "போய் யாராவது கவுன்சிலரைப் பாரேன்" என்கிறோம். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். போவென்று சொல்வதற்கும், வா போவோம் என்பதற்கும் நடுவில் எத்தனை பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள் என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் கண்டேன்.

வாழ்நாளில் வரும் மனநோய்களில் ஏறக்குறைய முக்கால்வாசி 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன. எங்கள் பிள்ளைகள் கம்பஸில் இருக்கும் வயது அதுதான். வீட்டை விட்டு, ஊரை விட்டு, சிலர் மொழியையும் விட்டு வந்திருக்கும் வயது. மொனராகலையிலிருந்து வந்த சிங்களப் பையன் ஒருவனோடு ஒருமுறை துணைக்குப் போனேன். எனக்குச் சிங்களம் அரைகுறை, அவனுக்குத் தமிழ் காக்குறை. வாங்கில் பேச ஒன்றும் இல்லாமல் என் போனில் பழைய மெட்ச் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே போனதும் டொக்டர் அவனோடு சிங்களத்தில் தொடங்கினார். அவன் தோள் இறங்கியதைக் கதவு இடுக்கால் கண்டு, நான் வெளியே வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது வீட்டாருக்கு. 1995இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் என்ற கணக்கில் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள், உலகத்திலேயே மிக உயர்ந்த கணக்குகளில் ஒன்று. பிறகு வந்த வருசங்களில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்குப் பெரிய காரணம், கொடிய வயல் மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. மனிதரின் கவலை பாதியாகிவிட்டதால் இல்லை, அந்த ஒரு மணித்தியாலத்தில் கைக்கு எட்டாமல் போனதால். அந்த எண்ணம் அனேகருக்கு வந்து போகிறது, போன பிறகு மிச்ச வாழ்க்கை இருக்கிறது. படுவான்கரையில் வயலுக்கு அடிப்பதும் மருந்து, கிளினிக்கில் தருவதும் மருந்து. இரண்டையும் ஒரே றாக்கையில் வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். வயல் மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள், வைத்தால் பூட்டி வையுங்கள். பிள்ளை நல்லாத்தானே இருக்கிறான் என்று நினைத்தாலும் பூட்டுங்கள். தப்பிப் பிழைத்தவரைப் பொலிஸ் பிடிக்கும் என்ற பயமும் வேண்டாம், அந்தச் சட்டத்தை 1998இலேயே எடுத்துவிட்டார்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, லாபைப் பூட்டும் நேரம், முதலாம் வருசப் பையன் ஒருவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐந்து நிமிசம் பிரிண்டரைப் பற்றிக் கதைத்தான். பிறகு, "சேர், எண்ட கூட்டாளி ஒருத்தன்… அவனுக்கு ராவில நித்திர வாறல்லயாம். ஆரப் பாக்கலாம் எண்டு கேக்கச் சொன்னான்" என்றான்.

கூட்டாளிக்கு எத்தனை நாளாக என்று கேட்டேன். மாசிக்குப் பிறகு என்றான். கூட்டாளி சாப்பிடுகிறானா என்று கேட்டேன். பருப்பும் சோறும் ஏதோ கொஞ்சம் என்றான். கூட்டாளிக்குச் சாகவேணும் என்று நினைப்பு வருகிறதா என்று, அந்த டொக்டரின் குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். கதவு நிலையில் பெயின்ற் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினான். "இல்ல சேர். அவ்வளவுக்கு இல்ல." இன்றைக்கு ராத்திரி அப்படி வந்தால் நேரம் பாராமல் எனக்கு எடுக்கச் சொல் என்று நம்பரைக் கொடுத்தேன். இரண்டு நாள் போனில் விசாரித்தேன், கூட்டாளியைத்தான்.

"எனக்கு வியாழக்கிழமை கண் கிளினிக் இருக்கு" என்றேன். "துணைக்கு ஒரு ஆள் இல்லை. உன் கூட்டாளி சும்மா இருந்தால் வரச் சொல். ஏழு மணி, கேற்றடி."

வியாழன் காலை ஏழுக்கு ஐந்து நிமிசம் இருக்க அவன் கேற்றடியில் நின்றான், தனியாக, தலை சீவி, சேட்டு அயன் பண்ணி. கூட்டாளி எங்கே என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது ஹெல்மெட்டை நீட்டினேன். அதன் கிளிப் உடைந்திருந்தது, முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டான்.

"சேர், ஒங்கட கண்ணுக்கு என்ன?" என்று பின்னால் இருந்து கேட்டான்.

"போட் தெரியுதில்ல" என்றேன்.